எண்ணூறு பேர் எதிர்த்த மாணவர் விடுதி



விடுதியின் வரலாறு என்றதும் நமக்கு ஆண்டு மலர்தான் நினைவுக்கு வரும். அடிக்கல் நாட்டியவர், நன்கொடை தந்தவர், திறந்து வைத்தவர், முதல் வார்டன், நடுப்பக்கத்தில் பழைய மாணவர்களின் குழுப் புகைப்படம். நான் இன்று பேசப்போகும் விடுதிக்கும் அப்படி மலர்கள் உண்டு. ஆனால் அந்த விடுதி வரப்போகிறது என்ற செய்தி பரவியபோது, அதைக் கட்டக் கூடாது என்று சொல்ல ஊரில் எண்ணூறு பேருக்கு மேல் கூடினார்கள். அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

ஊர், கலிபோர்னியாவின் பெர்க்லி. விடுதியின் பெயர் இன்டர்நேஷனல் ஹவுஸ். மாணவர்கள் வாயில் ஐ-ஹவுஸ். திறக்கப்பட்டது 1930 ஆகஸ்டில். வெளிநாட்டு மாணவனை வகுப்பில் உட்காரவைப்பது பல்கலைக்கழகத்துக்குப் பெரிய காரியமல்ல. கட்டணம் கட்டுகிறான், பரீட்சை எழுதுகிறான். அவனைப் பக்கத்து வீட்டில் குடிவைப்பதுதான் ஊருக்குக் கசக்கிறது. ஐ-ஹவுஸின் கதை முழுவதும் இந்தக் கசப்போடு நடந்த மல்லுக்கட்டு.

கதை பெர்க்லியில் தொடங்கவில்லை, நியூயார்க்கில் தொடங்குகிறது. ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தவர். 1909-ல் ஒரு குளிர்காலைப் பொழுதில் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிகளில் ஒரு சீன மாணவரைக் கடந்து போகும்போது காலை வணக்கம் சொன்னார். தாண்டிப் போனவரை அந்த மாணவர் நிறுத்தினார். இந்த ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, என்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றார்.

ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை இது. எட்மண்ட்ஸ் பிற்காலத்தில் தானே சொன்னது என்பதால் நடந்ததில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு குறை உண்டு. வணக்கம் சொன்னவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். மூன்று வாரம் வாய்திறக்க ஆளில்லாமல் அலைந்தவர் எல்லா மலர்களிலும் ‘ஒரு சீன மாணவர்’ மட்டும்தான். நன்கொடையாளர்களும் நிறுவனர்களும் எழுதும் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

எட்மண்ட்ஸ் வீட்டுக்குப் போய் மனைவி ஃப்ளோரன்ஸிடம் விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வெளிநாட்டு மாணவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடத் தொடங்கினார்கள். சமைத்தது யார், பாத்திரம் கழுவியது யார் என்பதையும் மலர்கள் சொல்வதில்லை, நாம் ஊகித்துக்கொள்ளலாம். கூட்டம் பெருகியது; காஸ்மோபாலிட்டன் கிளப் என்ற அமைப்பாக வளர்ந்தது. வீட்டு ஹால் போதாமல் போனபோதுதான் தனிக் கட்டடம் என்ற யோசனை வந்தது. நியூயார்க் விடுதியில் ஞாயிறு இரவு விருந்து என்ற வழக்கம் பின்னாளிலும் தொடர்ந்தது.

அந்தக் காலத்து கொலம்பியாவில் நமக்குத் தெரிந்த ஒருவரும் இருந்தார். 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு வந்து இறங்கிய அம்பேத்கர். முதலில் பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹாலில் ஒரு வாரம்போல இருந்தார். அங்கே சாப்பாடு ஒத்துவரவில்லை. பிறகு 114-ஆம் தெருவில் இந்திய மாணவர்கள் சிலர் தங்கியிருந்த காஸ்மோபாலிட்டன் கிளப் என்ற இடத்துக்கு மாறினார். கடைசியில் லிவிங்ஸ்டன் ஹாலில், நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு தங்கினார். படிக்கப் போன இடத்தில் தங்க இடமும் சாப்பிட உணவும் தேடி மூன்று கூரை மாறிய இந்த அலைச்சல், அன்று நியூயார்க் வந்த ஆசிய மாணவர்களுக்குப் பொதுவானது. அம்பேத்கர் இந்தியா திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது, சாதி காரணமாகத் தங்க வீடு கிடைக்காமல், பார்சி விடுதி ஒன்றிலிருந்து தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்டார் என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். அறை தர மறுப்பது அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு அல்ல.

லண்டனில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டார்கள். ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-ல் ஹைகேட்டில் இந்தியா ஹவுஸ் என்ற விடுதியைத் திறந்தார். வ.வே.சு. ஐயரும் டி.எஸ்.எஸ். ராஜனும் புழங்கிய இடம். நம்மவர்களுக்கு நாமே ஒரு வீடு என்பது அந்தத் தீர்வு. அரசியலுக்கு அது உகந்தது, அதனாலேயே போலீஸ் கண்காணிப்பில் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. எட்மண்ட்ஸின் யோசனை இதற்கு நேர் எதிரானது. எல்லா நாட்டாரும் ஒரே கூரையின் கீழ், அமெரிக்கர்களும் அவர்களோடு.

இதற்குப் பணம்? ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் தந்தார். ஸ்டாண்டர்ட் ஆயில் பணம். இந்த ராக்ஃபெல்லர் குடும்பத்துக்குப் பெரும் பங்கிருந்த கொலராடோ சுரங்க நிறுவனத்தின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூடாரங்களில் இருந்தபோதுதான், 1914 ஏப்ரலில் லட்லோ என்ற இடத்தில் அவர்கள் தாக்கப்பட்டார்கள்; பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். பத்தாண்டு கழித்து அதே குடும்பத்தின் பணத்தில் ஹட்சன் நதியோரம், ரிவர்சைட் டிரைவில், ‘சகோதரத்துவம் ஓங்குக’ என்ற பொருள்பட வாசலில் பொறித்த மாளிகை எழுந்தது. இதைச் சொல்வதால் அந்த விடுதியின் மதிப்பு குறையாது. சொல்லாமல் விட்டால் நம் வரலாற்றின் மதிப்பு குறையும்.

நியூயார்க் விடுதி திறந்தது 1924-ல். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கா புதிய குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆசியர்கள் குடியேற வருவது ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மாணவர்களுக்கு மட்டும், படித்துவிட்டுப் போகும் வரைக்கும் என்று, கதவு ஒருச்சாய்த்துத் திறந்திருந்தது. அந்த ஒருச்சாய்த்த கதவு வழியே வந்தவர்களுக்குத்தான் இந்த விடுதிகள்.

இனி பெர்க்லி.

பசிபிக் கடலைத் தாண்டி வருகிறவர்களுக்கு அன்று சான்பிரான்சிஸ்கோதான் வாசல். அதற்கு எதிர்க்கரையில் பெர்க்லி. ஆகவே சீன, ஜப்பானிய, பிலிப்பினோ, இந்திய மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். 1912-ல் வந்த கர்த்தார் சிங் சராபா, நாளந்தா கிளப் என்ற பெயரில் இந்திய மாணவர்கள் அங்கே நடத்திய அமைப்போடு பழகித்தான் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த கதர் (Ghadar) புரட்சி இயக்கத்துக்குள் போனார். 1915-ல் லாகூரில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. 1922-ல் வந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் பழத்தோட்டங்களிலும் கேன் தொழிற்சாலைகளிலும் உழைத்துக் கட்டணம் கட்டினார். கட்டணம் ஏறியதும் பெர்க்லியை விட்டு அயோவாவுக்குப் போக வேண்டியதாயிற்று.

இவர்கள் எங்கே தங்கினார்கள்? இங்கேதான் ஒரு விவரம் முக்கியமாகிறது. 1929-ல் போல்ஸ் ஹால் திறக்கும் வரை பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக மாணவர் விடுதியே கிடையாது. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம், ஆயிரக்கணக்கான மாணவர்கள், ஒரு விடுதி இல்லை. வசதியான வெள்ளை மாணவர்கள் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்ட ஃபிராட்டர்னிட்டி வீடுகளில் இருந்தார்கள். மாணவிகளுக்கு அதேபோல் சொராரிட்டி வீடுகள். உறுப்பினர் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே போகலாம். யாரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. மற்றவர்களுக்கு ஊரில் வாடகை அறை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்பார். நம் ஊரில் பெயரைக் கேட்டதும், அல்லது சைவமா அசைவமா என்று கேட்டதும் அறை திடீரென்று நிரம்பிவிடுவதில்லையா, அதேதான். கறுப்பர்களுக்கு முடிவெட்ட மறுத்த சலூன்களும் அந்த ஊரில் இருந்தன.

ஊரின் நிலவரைபடமே அதற்கேற்ப வரையப்பட்டிருந்தது. புதிய குடியிருப்புப் பகுதிகளில் மனைப் பத்திரத்திலேயே, வெள்ளையர் அல்லாதவர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டது. 1916-ல் பெர்க்லி நகராட்சி, ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான வீடு மட்டுமே கட்டலாம் என்ற மண்டல விதியைக் கொண்டுவந்தது. அந்த நாட்டில் இவ்வகை விதிக்கு அதுதான் முன்னோடி என்பார்கள். படிக்கும்போது நகரத் திட்டமிடல் போலத்தான் தெரியும். அறை வாடகைக்கு எடுக்கும் ஏழையும் வேற்று இனத்தாரும் அந்தத் தெருவுக்குள் வராமலிருக்க அதைவிடக் கண்ணியமான வழி கிடையாது.

இப்படிப்பட்ட ஊரில்தான் நியூயார்க்கை அடுத்த தம் விடுதிக்கு எட்மண்ட்ஸ் இடம் தேடினார். ஊருக்கு வெளியே, விலை குறைந்த நிலத்தில், யாருக்கும் உறுத்தாமல் கட்டியிருக்கலாம். பல்கலைக்கழகங்கள் வழக்கமாகச் செய்வது அதுதான். அவர் கேட்டது பீட்மான்ட் அவென்யூவில். ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு அது. யாரை உள்ளே விடுவதில்லை என்று அந்த வீடுகள் முடிவு செய்திருந்தனவோ, அவர்களுக்கான விடுதி அந்த வரிசையிலேயே, பான்கிராஃப்ட் தெரு மேட்டின் உச்சியில், எல்லோர் கண்ணிலும் படும்படி. ஒதுக்கும் குணத்தின் மூக்கிலேயே ஓங்கிக் குத்த வேண்டும் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கிறிஸ்தவ இளைஞர் சங்கத்து ஊழியர் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிச் சுவை. இந்த ஒரு முடிவுக்காகவே எட்மண்ட்ஸை நான் மதிக்கிறேன். நூலகப் படியில் வணக்கம் சொன்னது நல்ல மனம். பீட்மான்ட் தெருவைக் கேட்டதற்கு நல்ல மனத்தோடு துணிச்சலும் வேண்டியிருந்தது.

எதிர்ப்பு கிளம்பியது. ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்திலா என்று ஒரு சாரார். மிசிசிப்பி நதிக்கு மேற்கே அப்படி ஒரு விடுதி அதற்குமுன் இருந்ததில்லை. வெளிநாட்டார் கூட்டம் ஊரை நிரப்பிவிடும் என்று இன்னொரு சாரார். வெள்ளையரும் கறுப்பரும் ஆசியரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் என்றதும் இரு சாராரும் ஒன்றானார்கள். விடுதியின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்க இருந்த ஆலன் பிளெய்ஸ்டெல்லிடமே சொத்துக்காரர்கள் போய், இதைக் கட்டினால் பெர்க்லி கறுப்பர்களாலும் ஆசியர்களாலும் நிரம்பி வழியும் என்று எச்சரித்தார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் இதில் முன்னணியில் நின்றதற்குப் பயம் மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகத்துக்குச் சொந்த விடுதி இல்லாதது அவர்களுக்கு ஒரு வருமானம். யாருக்கு அறை கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அதோடு சேர்ந்து கிடைத்தது. அதிகாரம் போகிறதே என்பது வாடகை போவதைவிடப் பெரிய இழப்பு.

பிறகுதான் அந்த எண்ணூறு பேர் கூட்டம். அந்தக் கூட்டத்தில் எழுந்து விடுதிக்காகப் பேசியவர் டெலைலா பீஸ்லி.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சின்சினாட்டியில் பிறந்த கறுப்பினப் பெண். முறையான பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். கலிபோர்னியாவின் வரலாற்றுப் புத்தகங்களில் கறுப்பர்கள் இல்லை என்பதைக் கண்டு, பழைய பத்திரிகைகளையும் ஆவணங்களையும் ஆண்டுக்கணக்கில் தோண்டி, கலிபோர்னியக் கறுப்பின முன்னோடிகளைப் பற்றி 1919-ல் தானே ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். 1923 முதல் ஓக்லண்ட் டிரிப்யூன் நாளிதழில் கறுப்பின மக்களின் செய்திகளைப் பற்றி வாரப் பத்தி எழுதினார். வெள்ளையர் நடத்தும், வெள்ளையர் வாசிக்கும் பெரிய நாளிதழில் ஒரு கறுப்பினப் பெண் தொடர்ந்து எழுதியது அன்று அபூர்வம். தம் மக்களை இழிவாகக் குறிக்கும் சொற்களைச் செய்தித்தாள்கள் கைவிட வேண்டும் என்று ஆசிரியர்களோடு போராடியவரும் அவர்தான்.

அப்படிப்பட்டவர், வேண்டாம் என்று சொல்லத் திரண்ட நூற்றுக்கணக்கானோர் முன் எழுந்து வேண்டும் என்றார். கைதட்டல் கிடைத்திருக்காது. கவனியுங்கள்: ராக்ஃபெல்லருக்கு அந்த அவையில் வந்து நிற்கவேண்டிய அவசியம் இல்லை. அவர் தந்தது பதினெட்டு லட்சம் டாலர், அது நியூயார்க்கிலிருந்து வந்தது. பீஸ்லி அந்தக் கரையிலேயே வாழ்பவர். அவையில் உட்கார்ந்திருந்தவர்கள் கடையிலும் டிராமிலும் தினமும் எதிர்ப்படும் மனிதர்கள். ஐ-ஹவுஸின் நிறுவனர்கள் யார் என்று என்னைக் கேட்டால் மூன்றாவது பெயராக இவருடையதைச் சொல்வேன்.

கட்டடம் எழுந்தது. ஜார்ஜ் கெல்ஹாம் வடிவமைத்தார். ஸ்பானிய பாணிச் சுவர்கள், ஓட்டுக் கூரை, மேலே ஒரு குவிமாடம். மேட்டின் மேல் இருப்பதால் விரிகுடா வரை தெரியும். திறந்தபோது அந்த வட்டாரத்திலேயே மிகப் பெரிய மாணவர் குடியிருப்பு அது. வெளி அழகைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு உள்ளமைப்பில்தான் கண். எட்மண்ட்ஸின் வீடுகளில் தனியறைகள் சிறியவை, கூடங்கள் பெரியவை. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, அவ்வளவுதான். சும்மா உட்கார வேண்டுமானால் வெளியே வந்தாக வேண்டும். வெளியே வந்தால் யாராவது இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டுக் கூடம். நாட்டுவாரியாகத் தளம் இல்லை, மெஸ் இல்லை. உள்ளூர் அமெரிக்க மாணவர்களுக்கும் கணிசமான இடம். இந்தக் கடைசி விதி இல்லாதிருந்தால் அது வெளிநாட்டாரை ஊரிலிருந்து பிரித்துவைக்கும் நாகரிகமான முகாமாக ஆகியிருக்கும். அந்த எண்ணூறு பேரும் மகிழ்ந்திருப்பார்கள்.

பாரிஸைப் பாருங்கள். அங்கே ஆந்த்ரே ஒனோரா என்பவரின் முயற்சியில், பழைய கோட்டைச் சுவர்களை இடித்த நிலத்தில், 1925-ல் சர்வதேச மாணவர் நகரம் ஒன்று தொடங்கியது. ஒவ்வொரு நாடும் தனக்கொரு மாளிகை கட்டிக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் இல்லத்தை 1933-ல் லெ கார்பூசியே கட்டினார். பின்னாளில் இந்தியாவுக்கும் ஓர் இல்லம் வந்தது. கட்டடக்கலை மாணவர்களுக்கு அது திருவிழா. ஆனால் அவரவர் நாட்டு வீட்டில் அவரவர் என்றால் கடல் தாண்டி வந்ததன் பயன் என்ன? இதை அவர்களும் உணர்ந்தார்கள். ஒவ்வோர் இல்லமும் தன் இடங்களில் ஒரு பங்கைப் பிற நாட்டாருக்குத் தரும் வழக்கம் ஏற்பட்டது. எல்லோரும் கூட நடுவில் ஒரு பொது மாளிகையும் 1936-ல் வந்தது. அதற்குப் பணம் தந்தவர் மறுபடியும் ராக்ஃபெல்லர்தான்.

பெர்க்லியில் ஒரே கூரையின் கீழ் நடந்த பரிசோதனைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1942-ல் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரையும், அமெரிக்காவில் பிறந்தவர்கள் உட்பட, அரசாங்கம் முகாம்களுக்கு அனுப்பியது. பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுப் போனார்கள். அவ்வாண்டின் தலைசிறந்த மாணவருக்கான பதக்கம் ஹார்வி இட்டானோ என்பவருக்கு. பட்டமளிப்பு மேடையில் அவர் இல்லை, முகாமில் இருந்தார். பிற்காலத்தில் சிக்கிள் செல் நோய் பற்றிய ஆய்வில் லைனஸ் பாலிங்கோடு சேர்ந்து பேர் பெற்றவர் இவர். சகோதரத்துவம் என்று வாசலில் எழுதிவைத்தவர்களால் அரசாணையைத் தடுக்க முடியவில்லை. ஒரு விடுதியின் எல்லை அதன் காம்பவுண்டுச் சுவர்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. அடுத்த ஆண்டு கட்டடமே கடற்படையிடம் போயிற்று. குவாடல்கனால் போரில் இறந்த தளபதி காலகனின் பெயரைச் சூட்டி, 1946 வரை கடற்படைப் பயிற்சியாளர்கள் அங்கே தங்கினார்கள்.

போருக்குப் பின் திரும்ப வந்த விடுதியின் கதை நீங்கள் எளிதில் ஊகிக்கக்கூடியது. எண்ணிக்கை கூடியது, நாடுகள் கூடின. இன்று சுமார் அறுநூறு பேர் தங்குகிறார்கள். பிரபலமானவர்கள் பட்டியல் வாசிப்பது விடுதி விழாக்களுக்கு அழகு, நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். சிகாகோவில் 1932-ல் திறந்த மூன்றாவது விடுதியில் சி.என். யாங்கும் டி.டி. லீயும் மாணவர்களாகத் தங்கியிருந்தார்கள். 1957-ல் இயற்பியல் நோபல் இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது. பெர்க்லியில் 1960 வாக்கில், குருமடத்தை விட்டு வெளியே வந்த ஜெர்ரி பிரவுன் என்ற இளைஞரும் ரோஸ் பேர்ட் என்ற மாணவியும் ஒரே காலத்தில் இருந்தார்கள். பிரவுன் ஆளுநரான பிறகு 1977-ல் ரோஸ் பேர்டைக் கலிபோர்னியாவின் தலைமை நீதிபதியாக்கினார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண். மரண தண்டனைகளைத் தொடர்ந்து ரத்து செய்ததால் 1986-ல் வாக்காளர்கள் அவரைப் பதவி நீக்கினார்கள் என்பது வேறு கதை. கூகுளின் முன்னாள் தலைவர் எரிக் ஷ்மிட் தம் மனைவியைச் சந்தித்ததும் இந்த விடுதியில்தான். இத்தகைய திருமணங்களைப் பற்றி ஐ-ஹவுஸ்காரர்கள் பெருமையோடு பேசுவார்கள். 1948 வரை கலிபோர்னியாவில் வெள்ளையர் கறுப்பரையோ ஆசியரையோ மணப்பது சட்டப்படி செல்லாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எண்ணூறு பேரின் கலக்கத்துக்குக் காரணம் இன்னும் கொஞ்சம் துலங்கும்.

குறைகளும் உண்டு. கடல் தாண்டிப் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தத்தம் நாட்டின் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஒரே மேசையில் சாப்பிடும் பிரேசில்காரரும் கொரியரும் இந்தியரும் தோலின் நிறத்தில் வேறுபடலாம், அப்பாவின் வங்கிக் கணக்கில் அவ்வளவாக வேறுபடுவதில்லை. அறையும் சாப்பாடும் சேர்த்தே கட்டணம்; சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் விலைவாசி உலகறிந்தது. ராக்ஃபெல்லர் கட்டடத்தைக் கொடுத்தார். மாதக் கட்டணத்தை மாணவர்தான் கொடுக்க வேண்டும். உதவித்தொகைகள் இருக்கின்றன, போதவில்லை. பழத்தோட்டத்தில் உழைத்துப் படித்த ஜெயப்பிரகாஷ் நாராயணைப் போன்ற ஒருவர் இன்று பெர்க்லிக்கு வந்தால், ஐ-ஹவுஸின் கதவு அவருக்கு நிறத்துக்காக மூடப்படாது. உதவித்தொகை கிடைக்காவிட்டால் அவர் ஓக்லண்டில் ஆறு பேர் பகிரும் வீட்டில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ரயிலில் வகுப்புக்கு வந்துபோவார்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகளைக் கேளுங்கள், விடுதியில் இருந்து படித்தவர்கள் முதலில் கேட்கட்டும்.